திடமும் இறக்கமும்

போன டிசம்பரில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கினோம். அக்கா, மாமா, அவர்களுடைய பிள்ளைகள் இருவர், நான். விடிகாலையில் ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு சின்ன கேஸ் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காப்பி என் பொறுப்பு. வீட்டில் பல வருடமாகப் புழங்குகிற எவர்சில்வர் ஃபில்டரையே கொண்டுபோயிருந்தேன். அதே கரண்டி, அதே அளவு, தளதளவென்று கொதித்த தண்ணீர். வீட்டில் இருபது நிமிடம் சொட்டுச் சொட்டாக இறங்குகிற டிகாக்ஷன், அங்கே நாலைந்து நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிட்டது. அதைக் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. பாலில் ஊற்றினால் நிறமே ஏறவில்லை. வாயில் வைத்தால் ஒரு புளிப்பு.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னடா இது, கழுநீர் மாதிரி இருக்கு?"

மாமா இயற்பியல் ஆசிரியர். எனக்காகப் பரிந்து பேசினார். "அவன் என்ன பண்ணுவான்? இங்க தண்ணி தொண்ணூத்தி மூணு டிகிரியிலயே கொதிச்சிடும். பருப்பே வேகாத ஊர்ல டிகாக்ஷன் எப்படி மாப்ள இறங்கும்?"

அவர் சொன்ன கணக்கு சரியானது. தண்ணீர் கொதிப்பது என்பது, அதன் ஆவி மேலே அழுத்தும் காற்றை எதிர்த்துக் குமிழாகக் கிளம்புவது. மலை ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. குமிழ் கிளம்பக் குறைந்த சூடே போதும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏழு டிகிரி குறைந்து 93-ல் கொதிக்கும். அதற்கு மேல் எத்தனை எரித்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிரச் சூடேறாது. துவரம்பருப்பு அங்கே குக்கர் இல்லாமல் லேசில் வேகாததற்கு இதுதான் காரணம். கேட்ட எல்லோருக்கும் நிறைவாக இருந்தது. எனக்கும்தான். ஆனால் கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறு என்று தெரியவந்தபோது, காப்பி போடுவதைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்த பலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

பருப்பு வேகிறது, காப்பி வேகுவதில்லை. முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு இது. பருப்பில் சூடு பட்டால்தான் உள்ளே இருக்கும் மாவும் புரதமும் மாறிக் குழையும். காப்பிக் கொட்டைக்கு அந்த வேலையெல்லாம் வறுக்கும்போதே, 200 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே, முடிந்துவிடுகிறது. மணமும் நிறமும் கசப்பும் அங்கேயே பிறந்துவிட்டன. நாம் வீட்டில் செய்வது, உள்ளே இருப்பதைத் தண்ணீரில் வெளியே கொண்டுவருவது மட்டும். பருப்பு வேகவைப்பதைவிடப் புளி கரைப்பதற்குத்தான் அது நெருக்கமான வேலை.

புளியை ஊறவைத்துப் பிழிந்தால் கரைசல் வருகிறது, சக்கை மிஞ்சுகிறது. காப்பிப் பொடியிலும் அப்படித்தான். எடையில் பத்துக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான் தண்ணீரில் கரையக்கூடியது. மற்றது மரநார் போன்ற சக்கை. எத்தனை நாள் ஊறினாலும் கரையாது. கரையக்கூடிய அந்த மூன்று பங்கிலும் எவ்வளவு வெளியே வருகிறது என்பதில்தான் காப்பியின் நல்லதும் கெட்டதும் இருக்கிறது. "டிகாக்ஷன் இறங்கியாச்சா?" என்று கேட்கிறோமே, அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு இதை 'இறக்கம்' என்று அழைக்கலாம். நூறு கிராம் பொடியிலிருந்து இருபது கிராம் தண்ணீருக்கு வந்துவிட்டால் இறக்கம் 20 சதவீதம்.

இன்னொரு அளவு உண்டு. வந்த இருபது கிராமும் எவ்வளவு தண்ணீரில் பரவியிருக்கிறது? அதைத் 'திடம்' என்போம். 'திடமான காப்பி' என்று பேச்சில் சொல்வது இதைத்தான். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. தேங்காய்ப் பாலை நினைத்துக்கொண்டால் விளங்கும். முதல் பால் கெட்டி. ஆனால் அதோடு நிறுத்தினால் தேங்காயில் பாதிச் சத்து துருவலிலேயே தங்கிவிடும். மூன்று பாலையும் பிழிந்து ஒன்றாகக் கலந்தால் தேங்காயிலிருந்து எடுத்தது அதிகம், பால் நீர்த்தது. திடம் குறைந்து இறக்கம் கூடிவிட்டது.

இதையெல்லாம் எப்படி அளப்பது? எளிய வழி ஒன்றை வீட்டிலேயே செய்யலாம், நான் செய்தேன். ஐம்பது கிராம் பொடியை நிறுத்து டிகாக்ஷன் இறக்கி, மிஞ்சிய சக்கையை ஒரு துகளும் சிந்தாமல் தட்டில் பரப்பி, ஈரம் முழுக்கப் போகும்வரை காயவைத்து, மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடை டம்ளருக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் 1950-களில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற வேதியியலர் இந்த ஆராய்ச்சியை முறையாகச் செய்தார். திடத்தை ஒரு பக்கமும் இறக்கத்தை மறுபக்கமும் வைத்து ஒரு வரைபடம் போட்டார். குடித்துப் பார்த்தவர்களுக்குப் பிடித்த இடத்தை அதில் ஒரு கட்டமாகக் குறித்தார். இறக்கம் 18 முதல் 22 சதவீதம், திடம் 1.15 முதல் 1.35 சதவீதம். காப்பித் தொழிலில் இன்றும் அந்த வரைபடம் புழங்குகிறது. இப்போது சக்கையைக் காயவைக்கக்கூட வேண்டாம். டம்ளர் தண்ணீரில் போட்ட கரண்டி முறிந்ததுபோலத் தெரிகிறதல்லவா? கரைந்த பொருள் கூடக்கூட ஒளி இன்னும் அதிகமாக வளையும். ஒரு சொட்டுக் காப்பியில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று பார்த்தே திடத்தைச் சொல்லிவிடும் ஒளிவிலகல்மானி கைக்கடக்கமாக வந்துவிட்டது.

லாக்ஹார்ட்டின் கட்டத்தை இயற்கையின் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பால் கலக்காத காப்பிக்கு, அந்தக் காலத்து அமெரிக்க நாக்குகள் சொன்ன விருப்பம். நம் வீட்டு ஃபில்டரை அந்த வரைபடத்தில் வைக்கப் பார்த்தால் அது தாளைவிட்டே வெளியே போய்விடும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாற்பது கிராம் பொடி, 160 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப்போல இரண்டு மடங்குத் தண்ணீரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். எண்பது மில்லி கீழே வரும். அதில் ஆறு கிராம் கரைந்திருக்கிறது என்று கொள்வோம். இறக்கம் 15 சதவீதம்தான். திடமோ ஏழரை சதவீதம்! இத்தாலிக்காரர்கள் ஒன்பது மடங்கு வளிமண்டல அழுத்தம் கொடுத்து எடுக்கும் எஸ்பிரெஸோவின் திடம் ஏறக்குறைய எட்டிலிருந்து பன்னிரண்டு. அழுத்தமே இல்லாமல், புவியீர்ப்பையும் பொறுமையையும் மட்டும் வைத்துக்கொண்டு, நம் ஃபில்டர் அதன் வாசல் வரை போய்விடுகிறது. எனக்கு இது உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

இதே ஆறு கிராமைப் பிரெஞ்சு பிரஸ் என்ற கண்ணாடிக் குடுவையில் எடுத்தால் என்ன ஆகும்? முப்பது கிராம் பொடியை 450 மில்லி வெந்நீரில் நாலு நிமிடம் ஊறவைத்து, சல்லடை கோத்த தண்டை அழுத்திச் சக்கையை அடியில் ஒதுக்குவார்கள். 1929-ல் இத்தாலியில் காப்புரிமை பெற்ற சாதனம். முப்பதில் ஆறு என்றால் இறக்கம் 20 சதவீதம், பொடி வீணாகவில்லை. திடம் 1.3. அப்படியே குடித்தால் அருமை. ஆனால் அதில் சரிபாதி பால் ஊற்றினால் திடம் 0.65-க்கு விழுந்துவிடும். நம் டிகாக்ஷனில் மூன்று மடங்கு பால் ஊற்றினாலும் 1.9-ல் நிற்கும். பிரெஞ்சு பிரஸ் வாங்கிய பல நண்பர்கள் "பால் விட்டா தண்ணியா இருக்கு" என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். குற்றம் அந்தக் குடுவையுடையதல்ல. அது பாலுக்காகப் பிறந்தது அல்ல, அவ்வளவுதான். பால் காப்பி குடிக்கிறவர்களுக்குத் திடம் வேண்டும். அதற்காக இறக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது நம் ஃபில்டர். விட்டுக்கொடுத்ததை மறுபடி பிடிக்கத்தான் இரண்டாம் டிகாக்ஷன்.

இரண்டாம் டிகாக்ஷன் ஏன் முதலாவதைப் போலச் சுவைப்பதில்லை? நீர்த்திருப்பதால் மட்டும் அல்ல. கொதிக்கவைத்துச் சுண்டவைத்தாலும் அது முதல் டிகாக்ஷன் ஆகாது. பொடியிலிருந்து எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. புளிப்புத் தரும் அமிலங்கள், பழ மணம் தரும் சிறு மூலக்கூறுகள், காஃபீன் ஆகியவை முந்திக்கொண்டு வரும். இனிப்பையும் கனத்தையும் தருபவை அடுத்து. நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பும் வறட்டுக் கசப்பும் கடைசியில். ஃபில்டரின் கீழ்ப் பாத்திரத்துக்குப் பதில் ஐந்து சின்னக் கிண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பிடித்து, தனித்தனியே ருசி பார்த்தால் இந்த வரிசை நாக்கிலேயே தெரியும். முதல் கிண்ணம் கள்ளிச் சொட்டு. ஆனால் தனியாகக் குடித்தால் புளிப்பு தூக்கலாக இருக்கும். கடைசிக் கிண்ணம் வெறும் கசப்புத் தண்ணீர். நல்ல காப்பி இந்தக் கிண்ணங்களின் சரியான கூட்டு. பாதியில் நின்றுபோனால் புளிக்கும். எல்லை தாண்டினால் கசந்து துவர்க்கும்.

கொடைக்கானல் காப்பி புளித்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அது இறக்கம் போதாத காப்பி. ஏன் போதவில்லை என்பதுதான் கேள்வி.

இறக்கத்தை முடிவு செய்பவை: பொடியின் நைசு, தண்ணீர் பொடியோடு இருக்கும் நேரம், சூடு, பொடிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம். இவற்றில் எதற்கு எவ்வளவு வலிமை? வலியது நைசுதான் என்று தயங்காமல் சொல்வேன். காரணம் அழகானது. ஒரு காப்பித் துகளின் உள்ளே இருக்கும் பொருள், துகளின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஊர்ந்து வர வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு வெளியே வருவதுபோன்ற நகர்வு இது. நேராக நடக்க முடியாது, அங்கும் இங்கும் தள்ளப்பட்டுத் தற்செயலாகத்தான் விளிம்பை எட்டும். அப்படிப்பட்ட நகர்வில் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்காகும். அதாவது துகளைப் பாதியாக அரைத்தால் அதே பொருள் கால்வாசி நேரத்தில் வெளியே வந்துவிடும்.

அரைப்பு நைசானால் இன்னொன்றும் நடக்கிறது. பிரான்ஸில் தீஜோன் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஆன்ரி தார்சி, மணல் நிரப்பிய குழாய் வழியே தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று சோதித்து 1856-ல் வெளியிட்டார். மணல் அடுக்கு தடிமனானால் தண்ணீர் மெதுவாக இறங்கும். மேலே நிற்கும் தண்ணீர் உயர்ந்தால் வேகமாக இறங்கும். பின்னால் வந்தவர்கள் துகளின் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். துகள் பாதியானால் தண்ணீரின் வேகம் கால்வாசியாகும். நிலத்தடி நீர் பற்றிய அறிவியலே இதன்மேல் கட்டியதுதான். நம் ஃபில்டரின் மேல் பாத்திரம் தார்சியின் மணல் குழாய்தான்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பொடியைப் பாதி அளவுக்கு அரைத்தால், உள்ளே இருப்பது வெளியே வர ஆகும் நேரம் கால்வாசி. அதே சமயம் தண்ணீர் பொடியோடு தங்கும் நேரம் நாலு மடங்கு. இரண்டு பக்கமும் ஒரே திசையில் தள்ளுகிறது. அதனால்தான் காப்பிப் பொடிக் கடையில் அரவை இயந்திரத்தை ஒரு சுற்றுத் திருகினால் வீட்டுக் காப்பி தலைகீழாக மாறுகிறது.

ஆனால் அளவில்லாமல் நைசாக்கவும் முடியாது. ஒரு கட்டத்தில் தண்ணீர் இறங்கவே மறுக்கும். அல்லது அதைவிட மோசமாக, வயல் வரப்பில் நண்டு வளை வழியே தண்ணீர் உடைத்துக்கொண்டு போவதைப்போல, பொடிப்படுகையில் எங்கோ ஒரு பலவீனமான இடத்தைக் கண்டுபிடித்து அது வழியே மட்டும் ஓடிவிடும். அந்த வழியில் இருக்கும் பொடி கசப்பு வரை சக்கையாகும். மற்றது பாதி நனைந்து நிற்கும். ஒரே டம்ளரில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வந்தால் இந்த உடைப்பைச் சந்தேகிக்கலாம். தண்டு வைத்த துளைத்தட்டு ஃபில்டரில் இருப்பது இதற்காகத்தான். விழும் தண்ணீரின் வேகத்தை அது வாங்கிக்கொண்டு படுகை குலையாமல் பார்த்துக்கொள்கிறது. நேற்று வறுத்து இன்று அரைத்த பொடியில் கரியமில வாயு நிறைய அடைந்திருக்கும்; வெந்நீர் பட்டதும் நுரைத்துக்கொண்டு வெளியேறி, உள்ளே வரும் தண்ணீரைத் தள்ளும். முதலில் இரண்டு கரண்டி வெந்நீரால் நனைத்து அரை நிமிடம் விட்டால் வாயு போய்விடும். இன்னொன்று: சில நாள் ஃபில்டர் சொட்டவே சொட்டாது, தட்டிப் பார்ப்போம். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக உட்கார்ந்து, உள்ளே அடைபட்ட காற்று வெளியே போக வழியில்லாமல் டிகாக்ஷனைத் தாங்கி நிற்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். மேல் பாத்திரத்தைச் சற்றே தூக்கி வைத்தால் போதும்.

சிக்கரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவடையாது. அதைக் கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வறுத்த சிக்கரி வேரில் பாதிக்கு மேல் தண்ணீரில் கரைந்துவிடும். காப்பியைவிட மிக அதிகம். காஃபீன் துளியும் கிடையாது. நனைந்ததும் ஊதிப் பிசுபிசுத்து, பொடிக்கு இடையே உள்ள சந்துகளை அடைக்கும். எனவே சிக்கரி கலந்த பொடியில் டிகாக்ஷன் கறுத்துக் கெட்டியாகவும் வரும், மெதுவாகவும் வரும். மெதுவாக வருவதால் காப்பியின் இறக்கமும் கூடும்.

இப்போது மலைக்குத் திரும்பலாம். பயணத்துக்கு முதல் நாள் நான் வழக்கமான பொடி வாங்கவில்லை. ஊர் போகிறோமே, நல்லதாக இருக்கட்டும் என்று சிக்கரி இல்லாத பீபெரி வாங்கினேன். கடையில் அரவையைக் கேட்டபோது யோசிக்காமல் கொஞ்சம் கொரகொரப்பாகவே அரைக்கச் சொல்லிவிட்டேன். நாலு நிமிடத்தில் டிகாக்ஷன் இறங்கிய மர்மம் அங்கே இருந்தது. இதைச் சோதிக்கவும் வழி இருந்தது. மீந்த பொடியைச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். கடல் மட்டம், நூறு டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், அதே ஃபில்டர், அதே அளவு. ஐந்து நிமிடத்தில் இறங்கியது. அதே வெளிறிய நிறம், அதே புளிப்பு. மலை அங்கே இல்லை; புளிப்பு மட்டும் இருந்தது.

ஆனாலும் ஏழு டிகிரிக்கு ஒரு பங்கும் இல்லையா? இதற்கு மிகத் துல்லியமான பதிலைக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் 2020-ல் தந்தார்கள். அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம், சூட்டைத் தனியே பிரித்தது. சூட்டை மாற்றினால் இறக்கமும் மாறும்; பிறகு சுவை மாறியது எதனால் என்று சொல்ல முடியாது. எனவே 87, 90, 93 டிகிரி ஆகிய மூன்று சூட்டிலும், அரவையையும் தண்ணீர் விடும் வேகத்தையும் தக்கபடி மாற்றி, ஒரே திடமும் ஒரே இறக்கமும் வரும்படி காப்பி போட்டார்கள். பயிற்சி பெற்ற சுவைஞர்கள் குடித்துப் பார்த்தார்கள். திடமும் இறக்கமும் மாறியபோது சுவை தெளிவாக மாறியது. அவை இரண்டும் ஒன்றாக இருந்தபோது, எந்தச் சூட்டில் போட்டது என்பது சுவையில் ஏறக்குறைய தெரியவே இல்லை. சூடு ஒரு வண்டி மாதிரி. அதே ஊரில் இறங்கிவிட்டால் எந்த வண்டியில் வந்தோம் என்பது காப்பிக்கு நினைவிருப்பதில்லை. (பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைக்கும் குளிர்காப்பி வேறு சங்கதி, இந்த முடிவை அதுவரை நீட்டக் கூடாது.)

யோசித்தால் சென்னையிலும் பொடி நூறு டிகிரியைப் பார்ப்பதில்லை. அடுப்பிலிருந்து எடுத்து ஊற்றும் நேரத்தில் கொஞ்சம், எவர்சில்வர் பாத்திரம் உறிஞ்சுவது கொஞ்சம், ஆறியிருக்கும் பொடி வாங்குவது கொஞ்சம் என்று 90-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மலையில் உண்மையான பகை கொதிநிலை அல்ல, குளிரும் காற்றும். எட்டு டிகிரிக் குளிரில் மெல்லிய எவர்சில்வர் ஃபில்டரைத் திறந்தவெளியில் இருபது நிமிடம் நிற்கவைத்தால், சொட்டி முடிவதற்குள் எல்லாம் வெதுவெதுப்பாகிவிடும். ஃபில்டர் சமவெளி வீட்டு அடுக்களைக்கு அமைந்த கருவி. பொறுமைதான் அதன் பலம். மலையில் அந்தப் பொறுமையே பலவீனமாகிறது.

அங்கே நான் கைக்கொள்வது ஊறல் முறை. வடிதல் முறையில் புதுத் தண்ணீர் பொடி வழியே ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் தவறினால் எல்லாம் தவறும். ஊறல் முறையில் தண்ணீரும் பொடியும் ஒன்றாக நிற்கின்றன. தண்ணீரில் கரைந்தது ஏற ஏற, மேற்கொண்டு இறங்குவது தானாக மந்தமாகும். எனவே இரண்டு நிமிடம் முன்பின் ஆனாலும் பெரிதாகக் கெடாது. தென்மாவட்டங்களில் கருப்பட்டிக் காப்பி போடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்: கொதிக்கும் கருப்பட்டித் தண்ணீரில் பொடியைப் போட்டு மூடி வைத்து, தெளிந்ததும் இறுப்பார்கள். அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்களும் ஸ்வீடன், பின்லாந்து காட்டுவாசிகளும் போட்டது இதே காப்பி. தெளியவைக்க ஸ்காண்டிநேவியாவில் காய்ந்த மீன் தோலைப் போடுவார்கள். அங்கிருந்து அமெரிக்கா போனவர்கள் முட்டையை உடைத்துப் பொடியோடு கலந்தார்கள். மிதக்கும் துகள்களைப் பிடித்துக் கட்டியாக்கி அடியில் தள்ளும் வேலை. கலங்கல் தண்ணீர்ப் பானையில் நம் பாட்டிமார் தேற்றான்கொட்டையை உரைத்ததும் இதே தத்துவம்தான்.

என் முறையில் பாத்திரத்துக்குப் பதில் ஃபிளாஸ்க். அதை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட வேண்டும். நூறு கிராம் பொடிக்கு 600 மில்லி கொதிநீர். மூடி, எட்டு நிமிடம். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் வடித்துப் பிழிய வேண்டியதுதான். ஃபிளாஸ்க் சூட்டை விடாது. வெளியே எந்தக் காற்று அடித்தாலும் கவலையில்லை. விகிதம் ஒன்றுக்கு ஆறு என்பதால் பாலைத் தாங்கும் திடம் வரும்.

துணிக்கு இன்னொரு நன்மையும் உண்டு, அது கண்டுபிடிக்கப்பட்ட விதம் சுவையானது. வடதுருவ வட்டத்துக்குள் இருக்கும் நார்வேயின் டிரோம்ஸோ நகரில் ஆயிரக்கணக்கானோரைச் சோதித்தவர்கள், காப்பி அதிகம் குடிப்பவர்களுக்கு ரத்தத்தில் கொலஸ்டிராலும் அதிகம் என்று 1983-ல் எழுதினார்கள். மற்ற நாடுகளில் தேடியபோது சில இடத்தில் அப்படி இருந்தது, சில இடத்தில் இல்லை. வேறுபாடு காப்பியில் அல்ல, போடும் முறையில் என்பது பிறகு விளங்கியது. வட நார்வேயில் அன்று கொதிக்கவைத்துத் தெளியவிட்ட காப்பியே வழக்கம். அதே காப்பியைக் காகிதத்தில் வடித்துக் கொடுத்துப் பார்த்தபோது கொலஸ்டிரால் ஏறவில்லை. காகிதத்தில் தங்கியது எது என்று தேடிய நெதர்லாந்து ஆய்வாளர்கள், கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருளைக் கண்டார்கள். 1908-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத்தலைவி, மகனின் நோட்டிலிருந்து மையொற்றுத் தாளைக் கிழித்து ஆணியால் துளைத்த பாத்திரத்தில் வைத்தபோது நினைத்தது, மண்டி இல்லாத காப்பியை மட்டும்தான். சிங்கப்பூரில் காப்பிக்கடைத் துணிப்பையில் வடித்த காப்பியைச் சோதித்தபோது அதிலும் கஃபெஸ்டால் மிகக் குறைவாகவே இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் குடிக்கிறவர் இதற்காகக் கலங்க வேண்டாம். கொலஸ்டிராலுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டு தினமும் ஐந்தாறு குடிக்கிறவர், அதுவும் வடிக்காமல் குடிக்கிறவர், யோசிக்கலாம்.

மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. 1933-ல் அல்ஃபோன்ஸோ பியலெட்டி கொண்டுவந்த மோக்கா பானையில், கீழே அடைபட்ட காற்றும் ஆவியும் விரிந்து வெந்நீரைப் பொடி வழியே மேலே தள்ளுகின்றன. பாலுக்கு ஏற்ற திடம் வரும். ஆனால் கடைசியில் கரகரவென்று சத்தம் வரும்போது ஆவியும் சேர்ந்து ஏறுகிறது. அந்தச் சத்தம் கேட்ட நொடியே இறக்காவிட்டால் கசக்கும். பறக்கும் வளையம் கண்டுபிடித்துப் பேர் வாங்கிய ஆலன் ஆட்லர் 2005-ல் வெளியிட்ட ஏரோபிரஸ், கையால் அழுத்தும் பிளாஸ்டிக் குழாய். கனமில்லை, உடையாது, ஊறலும் காகித வடிதலும் ஒன்றாக நடக்கும். ஒருவரோ இருவரோ மலையேறினால் அதைவிட நல்லது இல்லை. ஐந்து பேருக்குப் போடுவதற்குள் முதல் டம்ளர் ஆறிவிடும்.

அடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பியூட்டேன் வாயு பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஆவியாகவே மறுக்கும். டப்பாவை இரவு படுக்கைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் தீ நன்றாக வரும். எவ்வளவு குளிரானாலும் அடுப்பை மூடிய கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

பிப்ரவரியில் அதே தோட்டத்துக்கு மறுபடி போனோம். ஃபிளாஸ்க், துணி, ஃபில்டருக்கென்று நைசாக அரைத்த பொடி. தண்ணீர் அன்றும் 93 டிகிரியில்தான் கொதித்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்து டம்ளரை நீட்டினாள். மாமா மட்டும் விடவில்லை.

"சரி, இங்க ஒத்துக்கறேன். லே மூவாயிரத்து ஐநூறு மீட்டர். அங்க எண்பத்தெட்டுல கொதிக்கும். அங்கயும் இதே மாதிரி வருமா?"

டேவிஸில் சோதித்தது 87 வரை. விளிம்பில்தான் இருக்கிறோம், ஃபிளாஸ்க்கில் ஊற்றியதும் இன்னும் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். ஜூன் மாதத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. பொடியை இப்போது அரைப்பதைவிட ஒரு படி நைசாக அரைக்கச் சொல்லப்போகிறேன். எட்டு நிமிடத்தைப் பன்னிரண்டாக்கியும் ஒரு முறை, ஆக்காமலும் ஒரு முறை போட்டு, எது எது என்று சொல்லாமல் மாமாவிடம் இரண்டு டம்ளரையும் கொடுப்பதாகத் திட்டம்.